ஜிஞ்சர் பியர் நொதிக்க வைக்க எந்தப் பிளாஸ்டிக் வாளி?

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மெல்பேர்னில் இருக்கும் அவருடைய அண்ணா வீட்டிலேயே ஒரு தடவைக்கு 23 லீற்றர் பீரைப் பிளாஸ்டிக் வாளியில் நொதிக்க வைக்கிறாராம். அதைப் பார்த்து வந்தவருக்கு, அதே முறையில் நத்தாருக்கு 20 லீற்றர் ஜிஞ்சர் பியர் செய்ய ஆசை. வீட்டில் மூன்று பாத்திரங்கள் இருக்கின்றன: சுவருக்குப் பூசி முடிந்த பெயின்ட் வாளி, புறக்கோட்டையில் வாங்கிய மூடியுள்ள சிவப்பு வாளி, குடிதண்ணீர் வரும் 19 லீற்றர் போத்தல். இவற்றில் எதை எடுக்கலாம், அடியில் எந்த இலக்கம் இருக்க வேண்டும், இல்லை வெளிநாட்டிலிருந்து ஒரு செட் வரவழைக்கத்தான் வேண்டுமா என்பது கேள்வி. வாசிக்கும்போது இலக்கத்தைப் பற்றிய கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் அதற்குள் இரண்டு பயங்கள் இருக்கின்றன. பிளாஸ்டிக்கிலிருந்து ஏதாவது இறங்கி உடம்புக்குக் கேடு செய்யுமா என்பது ஒன்று. இவ்வளவு இஞ்சியும் சீனியும் செலவழித்துக் கடைசியில் எல்லாம் பழுதாகிப் போகுமா என்பது மற்றது. முதல் பயத்துக்கு இலக்கம் பாதிப் பதில் தரும். இரண்டாவதுக்கு அது ஒரு பதிலும் தராது.

நான் படித்தது உணவுத் தொழில்நுட்பம். உணவு பொதியிடும் பிளாஸ்டிக்குகளைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் பல வருடங்கள் வேலை செய்திருக்கிறேன். இடையில் ஆறு வருடம் மெல்பேர்னில் இருந்தபோது வீட்டில் பீர் காய்ச்சினேன். அங்கே அது சட்டப்படி செய்யக்கூடிய காரியம். கொழும்புக்குத் திரும்பிய பிறகு ஜிஞ்சர் பியர் மட்டும்தான். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையில் மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் உற்பத்தி செய்வது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். 'வீட்டுக்குத்தானே' என்று நினைத்துப் பீரில் கை வைக்காதீர்கள். ஜிஞ்சர் பியரிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். லீற்றருக்கு 80 கிராம் சீனி போட்டு, அது முழுவதும் நொதித்து முடியும்வரை விட்டால், கிடைப்பது குளிர்பானமாக இராது. சுமார் 5 சதவீத மதுசாரம் உள்ள, கடை பீருக்குச் சமமான பானம். பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து குடிக்கப்போகும் பானம் என்றால் ஒரு நாள், கூடினால் இரண்டு நாளில் நிறுத்திக் குளிரில் வைத்துவிட வேண்டும். அப்போதும் கொஞ்சம் மதுசாரம் இருக்கும். மதுசாரத்தை அறவே தொடாதவர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்றால் அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

சரி, பிளாஸ்டிக்குக்கு வருவோம். முக்கோணத்துக்குள் இருக்கும் இலக்கம் 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழிற்துறையினர் கொண்டுவந்தது. பாவித்து எறிந்த பிளாஸ்டிக்கை மீள்சுழற்சிக்குப் பிரிப்பதற்காகத்தான் அதைப் போட்டார்கள். ஆகவே '2' என்று இருந்தால் அந்த வாளி எச்டிபிஈ என்ற வகைப் பிளாஸ்டிக் என்று தெரியும், அவ்வளவுதான். அந்த எச்டிபிஈ உணவுக்கென்று செய்யப்பட்டதா, அதில் என்ன சாயம் கலந்தார்கள், அச்சிலிருந்து கழற்ற என்ன பூசினார்கள், அது புதிய பிளாஸ்டிக்கா பழைய வாளிகளை உருக்கியதா என்று இலக்கம் சொல்லாது. உணவுக்கானது என்பதற்கு வேறு அடையாளம் இருக்கிறது: ஒரு குவளையும் ஒரு முள்ளுக்கரண்டியும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்த சின்னம். இலக்கமும் சின்னமும் இரண்டும் இருக்கிற வாளியைத் தேடுங்கள். சின்னத்தைப் போலியாகப் போடவும் முடியும் என்பது உண்மைதான். ஆனால் அதுவும் இல்லாத வாளியை நம்புவதற்கு உங்களிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

நொதிக்க வைப்பதற்குப் பொருந்துவது மூன்று வகை. இலக்கம் 2, அதாவது எச்டிபிஈ. வெளிநாடுகளில் விற்கும் வெள்ளை நொதித்தல் வாளிகளில் பெரும்பாலானவை இதுதான். இலக்கம் 5, பொலிபுரோப்பிலீன். இது சூட்டை நன்றாகத் தாங்கும், கொதிநீர் ஊற்றினாலும் நெளியாது. இலக்கம் 1, பெட். சோடாப் போத்தல் செய்யும் பிளாஸ்டிக். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், ஒட்சிசன் உள்ளே கசிவதும் மற்ற இரண்டையும்விடக் குறைவு, ஆனால் சூடு ஆகாது. 70 பாகை செல்சியஸை அண்டினாலே இளகத் தொடங்கிவிடும். மெல்பேர்னில் ஒரு முறை, கொதிக்கவைத்த நீர் ஆறியிருக்கும் என்று நினைத்து ஒரு பெட் போத்தலில் ஊற்றினேன். தோள்பக்கம் மெதுவாக உள்ளே சரிந்து, அடி குவிந்து, போத்தல் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். ஆகவே பெட் வாங்கினால் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் எதுவும் அதற்குள் போகக் கூடாது. இலக்கம் 3 பீவீசி, 6 பொலிஸ்டைரீன் இரண்டையும் விட்டுவிடுங்கள். 7 என்பது 'ஏனையவை' என்ற கலவைப் பெட்டி. அதற்குள் எதுவும் இருக்கலாம்.

பிளாஸ்டிக்கிலிருந்து இறங்குமா என்ற பயத்துக்கு ஆய்வுகூட அனுபவத்திலிருந்து சொல்கிறேன். எந்தப் பிளாஸ்டிக்கிலிருந்தும் ஏதோ ஒரு அளவு இறங்கும். கேள்வி எவ்வளவு என்பதுதான். ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் இதற்கென்று போலித் திரவங்கள் வைத்துச் சோதிக்கிறார்கள். புளிப்பான உணவுக்குப் பதிலாக 3 சதவீத அசற்றிக் அமிலம், நீர்த்தன்மையான உணவுக்குப் பதிலாக 10 சதவீத மதுசாரம், மதுசாரம் கூடிய பானங்களுக்கு 20 சதவீதம். பிளாஸ்டிக்கை அதில் ஊறவைத்து, நீண்ட நாள் வைக்கும் உணவுக்கான சோதனையில் 40 பாகையில் 10 நாள் விட்டு, இறங்கியதை நிறுக்கிறார்கள். ஒரு சதுர டெசிமீற்றர் பரப்பிலிருந்து 10 மில்லிகிராமுக்கு மேல் இறங்கக் கூடாது என்பது மொத்த எல்லை. தனித்தனிப் பொருட்களுக்குத் தனி எல்லைகளும் இருக்கின்றன. கொழும்பு வீட்டில் 30 பாகையில் இரண்டு நாள் நிற்கும் ஜிஞ்சர் பியர் அந்தச் சோதனையைவிட மென்மையானது. பிளாஸ்டிக்கிலிருந்து அதிகம் உறிஞ்சுவது எண்ணெயும் கொழுப்பும் கடுமையான சூடும்தான். ஆகவே உணவுத்தரமான 2, 5, 1 வாளியில் நொதிக்க வைப்பதைப் பற்றி எனக்கு மனக்கிலேசம் இல்லை. என் பிள்ளைகளுக்கும் அதில்தான் செய்து கொடுக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாத பகுதியும் உண்டு. உராய்வில் பிளாஸ்டிக்கிலிருந்து நுண்துகள்கள் உதிர்வது தெரிந்த விஷயம். அவை உடம்புக்குள் போய் எந்த அளவில் என்ன செய்கின்றன என்பதில் விஞ்ஞானம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அந்தக் கவலை பெரிதாக இருப்பவர் மூடியுள்ள துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரத்துக்குப் போகலாம், நல்லதுதான், விலைதான் கூட. அலுமினியப் பானையை மட்டும் எடுக்க வேண்டாம். புளிப்பு அதை அரித்துவிடும்.

இனி உங்கள் மூன்று பாத்திரங்கள். பெயின்ட் வாளியை இன்றைக்கே தோட்ட வேலைக்குக் கொடுத்துவிடுங்கள். அதன் அடியில் 5 என்றோ 2 என்றோ இருக்கும், அதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். பெயின்ட் பழுதாகாமல் இருக்கப் பூஞ்சணக்கொல்லி சேர்ப்பார்கள். பிளாஸ்டிக் பார்க்க வழவழப்பாக இருந்தாலும் இப்படியான பொருட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், பிறகு நீங்கள் ஊற்றும் திரவத்துக்கு விட்டுக்கொடுக்கும். எத்தனை முறை கழுவினாலும் அதை முழுதாக எடுத்துவிட முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிவப்பு வாளியைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அது நல்ல பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். ஆனால் கடும் நிறத்தில், அதிலும் கறுப்பில், மலிவாக வரும் வாளிகளில் மீள்சுழற்சிப் பிளாஸ்டிக் கலப்பது வழக்கம். பல நிறக் கழிவுகளை உருக்கினால் வரும் மங்கல் நிறத்தை மறைக்கக் கடும் சாயம் தேவைப்படும். உருக்குவதற்கு முன் அந்தப் பிளாஸ்டிக் எதைச் சுமந்தது என்று யாருக்கும் தெரியாது. கண்ணாலும் மூக்காலும் பார்த்து 'இது சுத்தமானது' என்று எவராலும் சொல்ல முடியாது, ஆய்வுகூடத்தில்தான் தெரியும். கண்ணாலும் மூக்காலும் கெட்டதைக் கண்டுபிடிக்க மட்டும் முடியும். அதற்கு ஒரு எளிய வழி உண்டு. வாளியை நன்றாகக் கழுவி, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, ஒரு இரவு விடுங்கள். காலையில் மூடியைத் திறந்த உடனே மூக்கை வைத்து முகருங்கள். பிறகு அந்தத் தண்ணீரில் ஒரு மிடறை வாயில் வைத்துத் துப்பிவிட்டு, வேறு குவளையில் எடுத்து வைத்த அதே தண்ணீரோடு ஒப்பிடுங்கள். மெழுகு வாசனையோ மண்ணெண்ணெய் சாயலோ தெரிந்தால் அந்த வாளி உடுப்புத் தோய்க்கத்தான். ஒன்றும் தெரியாவிட்டாலும், சின்னம் இல்லாத சிவப்பு வாளியை நான் எடுக்க மாட்டேன். வெள்ளை அல்லது சாயம் சேர்க்காத அரைத்தெளிவு வாளி சிறிய விலை வித்தியாசத்தில் கிடைக்கும்போது சந்தேகத்தோடு ஏன் நிற்க வேண்டும்?

தண்ணீர்ப் போத்தலைத்தான் பலர் நல்லது என்று நினைக்கிறார்கள், உணவுத்தரம் என்பதால். முதலில் அது உங்களுடையதா என்று பாருங்கள். பெரும்பாலும் வைப்புப் பணம் கட்டி எடுத்து, நிரப்பித் தருவதற்காகத் திருப்பிக் கொடுக்கும் போத்தல். உங்கள் இஞ்சியின் வாசத்தை அடுத்த வீட்டுக்காரர் தண்ணீரில் குடிக்கக் கூடாது. உங்களுக்கே சொந்தமானது என்றால் அடியில் பாருங்கள். 1 என்றால் பெட். 7 என்றிருந்து, கல்லுப் போல விறைப்பாகவும் இளநீலமாகவும் இருந்தால் அநேகமாகப் பொலிகாபனேற்று. இந்தப் பொலிகாபனேற்றில் பிஸ்பீனோல் ஏ என்ற பொருள் இருக்கிறது. ஐரோப்பாவில் 2011இல் குழந்தைகளின் பால் போத்தல்களில் அதைத் தடை செய்தார்கள். சோடாக்காரம் போன்ற காரமான கழுவுபொருட்கள் பொலிகாபனேற்றைச் சிதைத்து அந்தப் பொருளை இன்னும் கூடுதலாக வெளியே விடும். நொதித்த அழுக்கைக் கழுவ நாம் எடுப்பது அப்படியான பொருட்களைத்தான். ஆகவே அது வேண்டாம். பெட் போத்தலாக இருந்தாலும் பெரிய குறை ஒன்று உண்டு: கழுத்து ஒடுக்கம், உங்கள் கை உள்ளே போகாது.

கை உள்ளே போக வேண்டும் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. இந்தப் பதிலில் ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். வீட்டில் நொதிக்க வைத்துப் பழுதாகிப் போனவற்றில் பிளாஸ்டிக்கின் வகையால் பழுதானதை நான் அனேகமாகப் பார்த்ததில்லை. பழுதானதெல்லாம் கழுவ முடியாத இடத்தில் ஒட்டியிருந்த அழுக்கால். யாழ்ப்பாணத்தில் கள்ளு இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மரத்தில் கட்டும் முட்டிக்குள் யாரும் மதுவத்தை, அதாவது நொதிக்கச் செய்யும் ஈஸ்டை, கொண்டுபோய்ப் போடுவதில்லை. நேற்றைய கள்ளின் மதுவம் முட்டியின் மண்சுவரில், அந்த நுண்ணிய துளைகளில் குடியிருக்கிறது. இன்று வடியும் பாளைச்சாறு அதைத் தொட்டவுடன் புளிக்கத் தொடங்குகிறது. புளிக்காத கருப்பணி வேண்டுமென்றால் அதே முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவார்கள். கள்ளுக்கு அந்தத் துளைகள் வரம். ஆனால் நீங்கள் வாங்கிய மதுவம் மட்டும் வேலை செய்ய வேண்டிய இடத்தில் அதே துளைகள் தொல்லை. பிளாஸ்டிக் வாளியில் துளை இல்லை, கீறல் உண்டு. எச்டிபிஈ மென்மையானது, நகத்தால் அழுத்தி இழுத்தாலே கோடு விழும். கம்பி மஞ்சி போட்டு ஒரு தடவை தேய்த்தால் உள்சுவர் முழுதும் கள்ளுமுட்டி ஆகிவிடும்.

ஆகவே கடையில் வாளியை எடுத்தவுடன் அடியைப் பார்த்துவிட்டு, உள்ளே கை விட்டுத் தடவுங்கள். முழங்கைவரை போய் அடியைத் தொட முடிய வேண்டும். உட்சுவரில் அச்சு எழுத்து, படி, வரி எதுவும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அடியும் சுவரும் சேரும் இடம் வளைவாக இருந்தால் நல்லது. சதுரப் பெட்டிகளின் மூலைகளில் விரல் நுழையாது, அழுக்கு நுழையும். மூடியின் உட்பக்கத்தில் ஒரு ஆழமான பள்ளம் ஓடும், அதற்குள் இறப்பர் வளையம் இருக்கும். அந்த வளையம் கழன்று வருகிறதா பாருங்கள். கழன்றால் அதன் பின்புறத்தையும் கழுவலாம்.

குழாய் பூட்டிய வாளி வாங்கலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். வசதிதான், தூக்கிச் சரிக்காமல் போத்தலுக்கு விடலாம். ஆனால் மெல்பேர்னில் ஒரு கோடை முழுவதும் என்னை அலைக்கழித்தது அந்தக் குழாய்தான். அடுத்தடுத்து மூன்று தடவை, ஒவ்வொன்றும் 23 லீற்றர், பத்தாம் நாள் திறந்தால் புளித்த தயிர் மணம். வாளியை மாற்றினேன், மதுவத்தை மாற்றினேன், தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் குழாயைத் திருகிக் கழற்றி, திருப்பும் பகுதியை வெந்நீரில் போட்டு நெம்பினால், உள் உருளை தனியாகக் கழன்று வந்தது. அதன் மேல் மண்ணிறத்தில், தோசைக்கல்லின் ஓரத்தில் படியும் பிசுக்குப் போல, நகத்தில் வழிக்கும் தடிப்புக்குப் படிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பளபளப்பான குழாய். புதிய வாளியிலும் நான் பூட்டியது அந்தக் குழாயைத்தான். குழாய் வேண்டுமென்றால் இரண்டு துண்டாகக் கழலும் குழாயை வாங்கி, ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவுங்கள். இல்லாவிட்டால் துளை இல்லாத வாளியும், அதிலிருந்து போத்தலுக்குத் திரவத்தை இழுத்து இறக்க ஒரு சிறிய உறிஞ்சு குழாயும் போதும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது துளை இல்லாததைத்தான்.

அளவில் சிக்கனம் பார்க்காதீர்கள். 20 லீற்றர் நொதிக்க வைக்க 20 லீற்றர் வாளி போதாது. நுரை எழும், இஞ்சித் துருவல் மேலே மிதந்து தொப்பி போலக் கட்டும், அது மூடியை முட்டினால் வாயு வெளியே போக மூடியில் வைக்கும் காற்றுப்போக்கிக்குள் ஏறி அடைத்துவிடும். 25 முதல் 30 லீற்றர் வாளி எடுங்கள். மெல்பேர்ன் அண்ணா 23 லீற்றருக்கு 30 லீற்றர் வாளிதான் வைத்திருப்பார். அதே நேரம் 20 லீற்றர் திரவம் என்பது 20 கிலோவுக்கு மேல் பாரம். கைபிடி பூட்டிய இடம் தடிப்பாக இருக்கிறதா பாருங்கள், நிரப்பிய பிறகு கைபிடியை மட்டும் நம்பித் தூக்காதீர்கள். வாளியை எங்கே வைக்கப்போகிறீர்களோ அங்கே வைத்துவிட்டு நிரப்புங்கள். முதல் தடவை என்றால் 10 லீற்றரோடு தொடங்குவது இன்னும் நல்லது.

மூடி காற்றே புகாமல் இறுக்கமாக இருக்க வேண்டுமா? இதில் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். நொதித்தல் நடக்கும்போது 100 கிராம் சீனியிலிருந்து நம்முடைய வெயிலில் கிட்டத்தட்ட 28 லீற்றர் காபனீரொட்சைட்டு வாயு வரும். 20 லீற்றரில் 1.6 கிலோ சீனி முழுவதும் நொதித்தால் 450 லீற்றர் வாயு. இது காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மூடியின் ஓரத்தால் கொஞ்சம் கசிந்தாலும் வெளிக்காற்று எதிர்த்து உள்ளே வர இடமில்லை. அதனால் மூடியைத் தளர்வாக வைத்தாலும் இரண்டு நாள் வேலைக்குப் பாதகமில்லை. பூச்சி மட்டும் போகக் கூடாது; பழ ஈ ஒன்று விழுந்தாலே வினாகிரிப் பக்றீரியா வந்துவிடும். வாயு வெளியே போக வழியே இல்லாமல் இறுக்கி அடைப்பதுதான் ஆபத்து. மூடியில் ஒரு துளை, அதில் ஒரு இறப்பர்க் குழாய், குழாயின் மறுமுனை ஒரு குவளைத் தண்ணீருக்குள், இவ்வளவுதான் காற்றுப்போக்கி. குமிழி வரவில்லை என்றால் நொதிக்கவில்லை என்று நினைத்துக் கவலைப்படாதீர்கள், மூடியின் ஓரத்தால் போய்க்கொண்டிருக்கும். பீரை மாதக்கணக்கில் வாளியில் வைத்துப் பழக்குவது வேறு கதை. எச்டிபிஈ சுவரினூடாகவே ஒட்சிசன் மெல்ல மெல்லக் கசியும், அங்கே பெட் அல்லது கண்ணாடி நல்லது. அண்ணா வாளியிலிருந்து இரண்டு மூன்று கிழமையில் போத்தலுக்கு மாற்றிவிடுவார் என்றால் அவருக்கும் இது பிரச்சினை இல்லை.

பாவித்த உணவு வாளி கிடைத்தால் எடுக்கலாமா என்றால், அது முன்பு எதைச் சுமந்தது என்பதைப் பொறுத்தது. பேக்கரிகளுக்கு மாஜரீன், ஐசிங், ஜாம் வரும் வெள்ளை வாளிகள் நல்ல தடிப்பான உணவுத்தரப் பிளாஸ்டிக். கேட்டால் சிலர் சும்மாவே தருவார்கள். சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் போட்டு எண்ணெய்ப் பசை போகும்வரை கழுவி, மேலே சொன்ன ஓர் இரவுச் சோதனையைச் செய்யுங்கள். தேசிக்காய் ஊறுகாய், மாசிச் சம்பல், சோயா சோஸ் இருந்த வாளியைத் தொடவே வேண்டாம். பொலிஎதிலீனும் பொலிபுரோப்பிலீனும் வாசனை எண்ணெய்களை உறிஞ்சிக்கொள்ளும். இதே காரணத்தால் உங்கள் வாளியும் இரண்டு தடவைக்குப் பிறகு இஞ்சி வாளியாகிவிடும். அதை இஞ்சிக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு வெப்பத்தை வாளி வாங்கும்போதே யோசிக்க வேண்டும். பீருக்கான சாதாரண மேல்நொதி மதுவங்கள் 18 முதல் 22 பாகைக்குள் நன்றாக வேலை செய்யும், லாகர் மதுவங்கள் அதைவிடக் குளிரில். 19ஆம் நூற்றாண்டில் இங்கே பீர் காய்ச்சத் தொடங்கியவர்கள் நுவரெலியாவுக்கு ஏறியது சும்மா அல்ல. நம் வீட்டு அறையில் 30 பாகை. நொதித்தலே சூட்டைக் கிளப்புவதால் வாளிக்குள் இன்னும் சில பாகை கூடும். ஜிஞ்சர் பியருக்கு இது பெரிய கேடு இல்லை, வேகம்தான் கூடும். வெளிநாட்டுக் குறிப்பில் நான்கு நாள் என்று இருந்தால் இங்கே ஒன்றரை நாளில் முடியும். வாளியை ஒரு அகலமான தட்டுத் தொட்டியில் தண்ணீருக்குள் நிறுத்தி, ஈரத் துவாயைச் சுற்றி, மின்விசிறிக்கு முன்னால் வைத்தால் சில பாகை இறங்கும். அந்தத் தொட்டிக்குள் உங்கள் வாளி அமருமா என்று பார்த்து அளவைத் தேர்ந்தெடுங்கள்.

கழுவுவதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முடிந்த உடனேயே, காய விடாமல், மென்மையான துணியும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். காய்ந்த பிறகுதான் தேய்க்க வேண்டி வரும், தேய்த்தால் கீறல். பாவிக்கும் முன் கிருமி நீக்க வீட்டு குளோரீன் திரவத்தை நீர்த்துப் பாவிக்கலாம், ஆனால் கொதித்தாறிய தண்ணீரால் நன்றாக அலச வேண்டும். குளோரீன் மிச்சமிருந்தால் இஞ்சியில் உள்ள பீனோல் பொருட்களோடு சேர்ந்து மருந்துப் பிளாஸ்டர் வாசம் வரும். அதன் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. குழாய்த் தண்ணீரிலும் குளோரீன் இருப்பதால் ஜிஞ்சர் பியருக்கு எடுக்கும் தண்ணீரையும் மூடாமல் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். வாளியை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைக்காதீர்கள், உட்புறம் உரசும். உள்ளே கோடுகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினால், அல்லது கழுவிய பிறகும் ஒரு புளிப்பு வாசம் நின்றால், புதிது வாங்குங்கள்.

வாளி உங்களைக் காயப்படுத்தாது, போத்தல் காயப்படுத்தும். இன்னும் சீனி மிச்சமிருக்கும் ஜிஞ்சர் பியரைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து அறையில் விட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் வெடிக்கும். சோடா வந்த பெட் போத்தல்களிலேயே அடையுங்கள். விரலால் அமுக்கிப் பாருங்கள். புதிய சோடாப் போத்தல் போல விறைத்தவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள். இங்கே அது சில மணித்தியாலங்களிலேயே நடக்கலாம். குளிரிலும் மதுவம் முற்றாகத் தூங்காது, ஒரு கிழமைக்குள் குடித்து முடியுங்கள். 20 லீற்றருக்கும் உங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லாவிட்டால் நத்தாருக்கு முன் இரண்டு தடவையாக 10 லீற்றர் செய்யுங்கள்.

வெளிநாட்டுச் செட் தேவையில்லை. அதில் வருவது இதே வெள்ளை வாளி, இதே குழாய், ஒரு வெப்பமானி, ஒரு நீர்மானி (திரவத்தில் மிதக்கவிட்டு அதன் அடர்த்தியை அளக்கும் கருவி). நீர்மானியை மட்டும் அண்ணா வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். எவ்வளவு சீனி மிச்சமிருக்கிறது, எவ்வளவு மதுசாரமாகியிருக்கிறது என்று அதை வைத்துக் கணக்கிடலாம். புதிய வாளியை வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் ஒரு லீற்றர் போத்தலால் அளந்து அளந்து தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு 5 லீற்றருக்கும் வெளிப்பக்கத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அரைத்தெளிவு வாளி என்றால் நீர்மட்டம் வெளியே நிழலாகத் தெரியும். அதே தண்ணீரை அப்படியே ஓர் இரவு விட்டால் வாசனைச் சோதனையும் முடிந்துவிடும்.